நாலு வார லீவு

மாவு டின்னைத் திறந்ததும் எலிப் புழுக்கைதான் முதலில் கண்ணில் பட்டது. லோர்னா மூடியைத் திரும்ப அழுத்தி, டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குப்பைப் பீப்பாயில் கவிழ்த்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் இதே கதைதான். குளிர்காலம் முடிந்து லாட்ஜைப் பூட்டும்போது யாராவது ஒரு மகராசன் மூடியை அரைகுறையாக வைத்துவிட்டுப் போவான். அப்புறம் ஒன்றரை மாதம் எலிகளுக்கு விருந்து.

மலையில் பனி இல்லாத மாதம் அது. பூமியின் இந்தத் தென்பாதியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். ஜூலையில் வெளேரென்று கிடக்கும் சரிவு இப்போது பழுப்புப் புல்லும் கல்லுமாக இருந்தது. பனிச்சறுக்குக்கு வருபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் கம்பிகள் சும்மா தொங்கின. ஈக்கள் மட்டும் மூக்கிலும் வாயோரத்திலும் மொய்த்தன. வெளியே மரம் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கூரைத் தகரத்தில் ஆணி அடித்தார்கள்.

கீழே பள்ளத்தாக்கில் இருந்த மின்நிலையத்தின் கொதிகலன் வேலைக்காரர்கள், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தகரமும் மரமும் தோளில் சுமந்து வந்து கட்டிய லாட்ஜ். பெயரே பாய்லர் லாட்ஜ்தான். பதினெட்டுக் கட்டில். மின்நிலையத்தை மூடி வருஷங்கள் ஆகியும் லாட்ஜும் அதன் சட்டமும் அப்படியே இருந்தன. கோடையில் வேலைக்கு வந்தவனுக்குத்தான் குளிர்காலத்தில் கட்டில். நவம்பரில் ஒரு வாரக் கடைசி, பிப்ரவரியில் ஒரு வாரக் கடைசி, விறகு பிளந்து, சாக்கடை தோண்டி, மெத்தை உதறிக் கொடுக்க வேண்டும். நவம்பர் சனிக்கிழமை காலையில் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அடுத்த குளிர்காலத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் யார் யார் என்று பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். அழிக்கலாம், சண்டை போடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் லாட்ஜின் பெரியவர் ஹோரி மையில் எழுதுவார். மை பட்டபின் யாராலும் மாற்ற முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பத்து.

கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டே லோர்னா தாளைப் பார்த்தாள். ஜூலையில் இரண்டு வாரம், ஆகஸ்டில் இரண்டு வாரம். நான்கிலும் "வெல்லா – 2" என்று எழுதியிருந்தது; அவர்கள் குடும்பப் பெயர், இரண்டு பேர். பக்கத்தில், அந்த வாரம் லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் கேப்டனுக்கான கட்டத்திலும் வெல்லா. இரும்புத் தகட்டில் சாக்கட்டியால் எழுதுகிற அதே கொட்டை எழுத்து. அவள் புருஷன் டெஸ்தான். நேற்று இரவு அவள் படுக்கப் போகும்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

தேநீர்க் கெண்டியையும் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு விறகு பிளக்கும் இடத்துக்குப் போனாள்.

அங்கே டெஸ் குனிந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அறுபதை நெருங்கும் வயது, தடித்த கழுத்து, இரண்டு முன்கையிலும் வெல்டிங் பொறி பட்ட வெள்ளைத் தழும்புகள். பக்கத்தில் டாரல் கோடாலியோடு நின்றான். மற்ற மின்நிலையங்களில், பழுதுபார்க்க எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் வருஷாந்தர ஷட்டவுன் வரும்போது ஆள் எடுப்பவன் டாரல்தான். அவன் ஃபோன் அடித்தால் டெஸுக்கு ஆறு வாரம் வேலை. அடிக்காவிட்டால் இல்லை.

"வாம்மா, தேவதை வந்துட்டா!" என்றான் டாரல். "பிஸ்கட் இல்லையா?"

"பல்லு இருக்கறவங்களுக்குத்தான் பிஸ்கட்."

டாரல் சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்துக்கொண்டு அறுக்கும் இயந்திரத்தின் பக்கம் போனான். அவன் காது எட்டாத தூரம் போகும்வரை லோர்னா காத்திருந்தாள்.

"தாள்ல பேர் எழுதியிருக்க."

"பென்சில்தானே."

"மத்தியானத்துக்குள்ள பேசி முடிவு பண்ணலாம்னு கார்ல சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். இடம் போயிடக் கூடாதேன்னு போட்டு வெச்சேன். வேண்டாம்னா அழிச்சிட்டுப் போறேன்."

"அழிக்கறியா?"

டெஸ் தேநீரை ஊதினான். "லோர், நான் சொல்றதைக் கேளு. ஜப்பான்னா பத்து மணி நேரம் ப்ளேன்ல காலை மடக்கிக்கிட்டு உக்காரணும். இறங்கி இன்னொரு ப்ளேன். அப்புறம் பஸ். அங்க போனதும் பனி விழலைன்னு வை, மொத்தமும் போச்சு. இங்கன்னா நாலு தடவை. ஒரு வாரம் மழைல போனாலும் மூணு மிச்சம். ஒன்றரை மணி நேரத்துல வீடு."

"இங்க மழை பெய்யாத வாரம் எது? போன ஆகஸ்ட்ல சரிவு ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருந்துச்சு. அங்க ஜனவரில பனி விழலைன்னு யாரும் சொன்னதில்ல."

"பாக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னாடி பேசுவோம்." திரும்பி விறகடுக்கில் கையை வைத்தான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சமையலறைக்கு நடந்து வரும்போது அவளுக்கு இடுப்பில் வலித்தது. வலி புதிதில்லை. மோர்வெல் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷமாக அவள் வேலை செய்கிறாள். கிழங்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, கழுவிவிடுவது, ஊட்டிவிடுவது. நீண்ட சேவைக்கு என்று கிடைத்த லீவில் அம்மா சாகக் கிடந்தபோது எடுத்தது போக நாலு வாரம் மிச்சம். மேலாளர் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். ஒன்று, ஜனவரியில் நாலு வாரமும் சேர்த்து. இல்லை, குளிர்காலத்தில் ஒவ்வொரு வாரமாக நாலு தடவை. இரண்டில் ஒன்று. சேமிப்பும் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

ஜனவரி என்றால் ஜப்பானில் ஹொக்கைடோ. பயணமும் ஓய்வும் போக மூன்று வாரம். ஒரு புருஷன் பெண்டாட்டி நடத்தும் சின்ன விடுதியை அவளே இணையத்தில் தேடிப் பிடித்திருந்தாள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அவர்களே போடுவார்கள். அந்த விடுதியின் படங்களில் பனி மூடிய சரிவையும் வெந்நீர்த் தொட்டியையும் விட அவள் அதிகம் பார்த்தது, சோறும் மீனும் சூப்புமாக யாரோ அடுக்கி வைத்திருந்த ஒரு தட்டைத்தான். யாரோ வைத்த தட்டு. அதை முதியோர் இல்லத்தில் இடைவேளையின்போது எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மலையில் நாலு வாரம் என்றால் என்ன என்பது அவளுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து நேரே கடைக்குப் போய் பதினெட்டுப் பேருக்குச் சாமான் வாங்க வேண்டும். மலைப்பாதையில் சேற்றில் மண்டியிட்டு, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். கேப்டனின் ஜோடிதான் சமையல் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனாலும் டெஸ் கேப்டனான நாளிலிருந்து பதினொரு வருஷமாக அதுதான் நடக்கிறது. காலையில் ஓட்ஸும் முட்டையும், மதியத்துக்கு ரொட்டி கட்டிக் கொடுப்பது, நாலு மணிக்கு ஆட்டுத் தொடையை அடுப்பில் ஏற்றுவது. நடுவில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு போவாள். இரண்டு தடவை இறங்குவதற்குள் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்துவிடும். பத்து வயதில் இதே சரிவில் கற்றுக்கொண்டவள். டெஸ்ஸைவிட நன்றாகச் சறுக்குவாள். அது டெஸுக்கும் தெரியும்.

சமையலறையில் ப்ரூ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெல்பர்ன்காரி, புருஷன் பல் டாக்டர், லாட்ஜில் சேர்ந்து இரண்டே குளிர்காலம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண்தான். வெங்காயத்தை மட்டும் முட்டை உரிப்பதுபோல மெதுவாக உரித்தாள்.

"ஜப்பான் போறீங்களாமே? டெஸ் சொன்னார்," என்றாள்.

"போறோமான்னு இன்னும் தெரியல. அது இல்லன்னா இது."

"ஐயோ, போயிடுங்க! நாங்க வருஷா வருஷம் ஜனவரில போயிடுவோம். ஜூலைல இங்க. ரெண்டும் வேற வேற சுகம், லோர்னா. ரெண்டையும் கம்பேர் பண்ணவே முடியாது."

லோர்னா கத்தரிக்கோலால் தொத்திறைச்சிச் சரத்தை வெட்டினாள். கம்பேர் பண்ண முடியாதாம். இரண்டும் கிடைக்கிறவர்களுக்கு எது ருசி என்பது கேள்வி. அவளுக்கு எதை விடுவது என்பதுதான் கேள்வி.

"ஆனா டெஸ்ஸை மட்டும் இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடாதீங்க," என்று ப்ரூ சிரித்தாள். "போன ஆகஸ்ட்ல அவர் இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்! நாள் முழுக்க லிஃப்ட் அடியிலயே நின்னு எங்க பை, சாப்பாடு எல்லாம் பாத்துக்கிட்டார். எல்லாருக்கும் கட்டை மாட்டி விடுறது, கழட்டி விடுறது. அந்த வாரம் பூரா மனுஷன் ஒரு தடவைகூட மேல போகல. எவ்வளவு பெரிய மனசு!"

கத்தரிக்கோல் நின்றது.

"ஒரு தடவைகூடவா?"

"ம்ஹூம். நானே கேட்டேன். கேப்டனுக்கு ஏதும்மா நேரம்னார்."

லோர்னா மிச்சத் தொத்திறைச்சியை வெட்டி முடித்தாள். தட்டில் அடுக்கி ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடினாள். பிறகு, "அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமா உரிம்மா, எல்லாரும் பசிலே வருவாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

டெஸ் இப்போது லாட்ஜின் பின்பக்கம் மெத்தைகளை வெயிலில் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். யாரும் பக்கத்தில் இல்லை. அவன் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறுவதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். வலது காலைப் படியில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்தான். மறுபடி வலது, மறுபடி இழுத்தான். குழந்தை படி ஏறுவதுபோல. அவர்கள் வீட்டில் படியே இல்லை. ஒரே தளம். அந்த வீட்டில் படி இல்லாதது முட்டியை மறைக்க இவனுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று அவளுக்குக் கோபமாக வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

"எப்பலேருந்து?" என்றாள்.

அவன் திரும்பினான். "என்னது?"

"முட்டி."

டெஸ் மெத்தையைச் சுவரில் சாய்த்தான். டாரல் எங்கே என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டான். "மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். எப்பலேருந்து?"

"ரெண்டு சீசனா. மடக்கினா பூட்டிக்குது. டாக்டர்கிட்ட போனேன். உள்ள ஒண்ணும் மிச்சமில்ல, மாத்தணுங்கிறான்."

"சாயங்காலம் வரும்போது ஜாக்கெட் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குமே?"

"பனி விழுந்தா சும்மா நிக்கறவனும்தான் நனைவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. முப்பது வருஷம் கொதிகலன் உருளைக்குள் மண்டியிட்டு வெல்டிங் வைத்தவன். அந்த முட்டி போகாமல் யார் முட்டி போகும்?

"என்கிட்ட சொல்ல என்ன?"

"உன்கிட்ட சொன்னா நீ ஆபரேஷன் பண்ணிக்கம்ப. பண்ணிக்கிட்டா ஆறு மாசம் வீட்ல. டாரலுக்குத் தெரிஞ்சுதுன்னா அடுத்த ஷட்டவுனுக்கு ஃபோன் வராது. இங்க இருக்கறவன் பாதிப் பேர் அவன்கிட்ட வேலை பாக்கறவன். ஒருத்தன் காதுல விழுந்தா போதும். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்னா அப்புறம் எவனுக்கு வேணா தெரியட்டும்."

"அதான் ஜப்பான் வேண்டாமா?"

"அங்க வந்து நான் என்னடி பண்றது? மூணு வாரம் ஜன்னல்ல உக்காந்து நீ சறுக்கறதைப் பாக்கவா? இங்கன்னா வேலை இருக்கு. கட்டை மாட்டி விடுவேன், விறகு போடுவேன், லிஃப்ட்காரன்கூட பேசுவேன். கேப்டன் ஏன் மேல போகலன்னு ஒரு பயலும் கேக்க மாட்டான்."

"நான் சமைக்க வரலைன்னா நீ கேப்டன் இல்ல."

அதுதான் விஷயம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒரு ஈ அவன் தழும்பு மேல் உட்கார்ந்தது. விரட்டவில்லை.

லோர்னா வெயிலில் கிடந்த ஒரு மெத்தை மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனசில்லை. அவன் வேலைக்காகத் தன் நாலு வாரத்தையும் கொடுத்துவிடலாம். கொடுத்துத்தான் பழக்கம். கொடுத்துவிட்டு, ஜூலையில் மறுபடி சங்கிலி மாட்டி, மறுபடி ஆட்டுத் தொடை. அப்புறம் திரும்பப் போய்க் கிழங்களைப் புரட்ட வேண்டும். அடுத்த நீண்ட சேவை லீவுக்கு இன்னும் எத்தனையோ வருஷம். அதற்குள் அவள் முட்டியும் போய்விடும்.

"டெஸ், நான் ஜனவரில போறேன்," என்றாள். "நாலு வாரமும் ஒண்ணா எழுதிக் கொடுக்கப்போறேன். நீ வரதா இருந்தா வா. முட்டியோட வா. ஜன்னல்ல உக்காரு, வெந்நீர்த் தொட்டில கிட, எனக்கென்ன. அங்க உன்னை யாருக்கும் தெரியாது."

"அப்ப இங்க?"

"இங்க நீ கேப்டன். நீயே சமையல்."

"நானா?"

"அடுப்படில நிக்கறவனை ஏன் ஸ்கீ பண்ணலன்னு எவனும் கேக்க மாட்டான். பதினோரு வருஷமா என்னை யாராவது கேட்டாங்களா?"

டெஸ் அவளைப் பார்த்தான். குனிந்து மெத்தையின் ஓரத்தை நேராக்கினான். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாடு லாட்ஜ் முன்னால் நீண்ட மேசையில். வெள்ளை ரொட்டி, சுட்ட தொத்திறைச்சி, கருகிய வெங்காயம், பீட்ரூட். ஒரு கையால் சாப்பிட்டார்கள், மறு கையால் ஈ ஓட்டினார்கள். லோர்னா கடைசியாக உட்கார்ந்தாள். அவள் உட்காரும்போது ரொட்டியில் அடிக்கட்டிதான் மிச்சம் இருந்தது. டெஸ் அவள் எதிரே இருந்தான். சாப்பிட்டான், சிரித்தான், டாரலின் நகைச்சுவைக்கு மேசையைத் தட்டினான். அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு ஹோரி எழுந்தார். எழுபத்தாறு வயது. ஒருகாலத்தில் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஃபோர்மேன். இன்றும் அவர் தொண்டையைச் செருமினால் பேச்சு நின்றுவிடும். தாளைக் கதவிலிருந்து பிய்த்து வந்து மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லிக்கிட்டே போவேன். ஆட்சேபணை இருக்கறவன் இப்பவே சொல்லிடு. அப்புறம் என் வீட்டு வாசல்ல வந்து அழாதீங்க." கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டார். "ஜூலை, முதல் வாரம். கேப்டன் வெல்லா. வெல்லா, ரெண்டு."

லோர்னா டெஸ்ஸைப் பார்த்தாள். அவன் பீட்ரூட் துண்டை முள்கரண்டியால் புரட்டிக்கொண்டிருந்தான். பேனா தாளை நெருங்கியது.

"ஒண்ணு," என்றாள் லோர்னா.

ஹோரி நிமிர்ந்தார். "என்னம்மா?"

"வெல்லா, ஒண்ணு. நாலு வாரத்துலயும் ஒண்ணுதான். நான் வரல ஹோரி. ஜனவரில ஜப்பான் போறேன். லீவு அதுக்கே சரியாப் போச்சு."

ஹோரி பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

"நீங்க போறதுல தப்பில்லம்மா," என்றார் ஹோரி, மெதுவாக. "அப்ப கேப்டன்? சமையலுக்கு ஆள் இல்லாத கேப்டனை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

எல்லாருடைய கண்ணும் டெஸ் மேல் திரும்பியது. டாரல் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். டெஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"நானே சமைச்சுக்கறேன்," என்றான்.

மேசையே சிரிப்பில் அதிர்ந்தது. "டேய்," என்றான் டாரல், "நீ ரெண்டு தகட்டை ஒட்டுவே. கறி வேக வைப்பியா?"

"வேகலன்னா வெல்டிங் டார்ச்சை எடுத்துக்கறேன். உனக்குன்னு தனியாக் கருக்கித் தரேன், கவலைப்படாத."

"அப்ப ஸ்கீ? வாரம் பூரா அடுப்படிலயே கிடப்பியா?"

லோர்னாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. டெஸ் தோளைக் குலுக்கினான்.

"பதினெட்டுப் பேருக்கு மூணு வேளை சமைக்கறவன் எப்படா ஸ்கீ பண்றது? நேரம் ஏது?"

"அதுவும் சரிதான்," என்றான் டாரல்.

"அதுவும் வாஸ்தவம்," என்றார் ஹோரி.

அவ்வளவுதான். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. பதினெட்டுப் பேருக்குச் சமைக்கிறவருக்கு நேரம் இல்லை என்பது கூட்டத்துக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பதினொரு குளிர்காலத்தில் ஒருதரம்கூட அந்த வார்த்தையை அவளுக்காக யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. லோர்னா அடிக்கட்டி ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள்.

அதோடு நிற்கவில்லை. ப்ரூ கையைத் தூக்கினாள். "டெஸ், ஜூலைல நான் சாலட் பாத்துக்கறேன். நீங்க ஒருத்தரே எப்படிச் செய்வீங்க?"

"பாத்திரம் நானும் பையன்களும்," என்றான் இன்னொருத்தன்.

"காலை முட்டை என் பொறுப்பு," என்றான் டாரல். "மனுஷனைக் கொன்னுடக் கூடாது பாரு. ஷட்டவுனுக்கு அவன் வேணும் எனக்கு."

ஹோரி மகிழ்ச்சியோடு தாளின் ஓரத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். சாலட்டுக்கு ஒரு பெயர், பாத்திரத்துக்கு ஒரு பெயர், முட்டைக்கு ஒரு பெயர். அப்படி ஒரு பட்டியல் அந்தத் தாளில் இதுவரை இருந்ததில்லை. பிறகு இரண்டு என்று பென்சிலில் இருந்ததை அழித்து, ஒன்று என்று மையால் எழுதினார். நாலு இடத்தில்.

டெஸ்ஸின் முகம் இளகியிருந்ததை லோர்னா பார்த்தாள். நாள் முழுக்க இறுக்கிய பூட்ஸைக் கழற்றியவன் முகம்போல. தோளெல்லாம் இறங்கிவிட்டிருந்தது. அவன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி, "குடி," என்றான். அவள் குடித்தாள்.

அப்புறமும் வேலை இருந்தது. தட்டுகளைக் கழுவி, அடுப்புத் தகட்டைச் சுரண்டி, மாவு டின்னுக்குப் புதிதாக மாவு கொட்டி மூடியை அவளே அழுத்திவிட்டுக் கிளம்பும்போது மணி நாலு. வண்டியை அவள்தான் ஓட்டினாள். கிளட்ச் மிதிக்க அவன் இடது கால் சரிப்படாது. இரண்டு வருஷமாக மலை இறங்கும்போது ஏன் எப்போதும் தன்னையே ஓட்டச் சொல்கிறான் என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணு கூசுது என்று சொல்லி வந்தான்.

பாதை வளைந்து வளைந்து இறங்கியது. இரண்டு பக்கமும் நெட்டையான சாம்பல் மரங்கள். பிரேக் சூடாகி வாடை வந்தது. டெஸ் தானாகவே ஆரம்பித்தான்.

"பாத்தியா, ஆளாளுக்கு நான் நீன்னு வந்தாங்க."

"பாத்தேன்."

"நல்ல பசங்க. சொன்னா செய்யறானுங்க." கொஞ்சம் யோசித்தான். "நீ இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல லோர்? கேட்டிருந்தா உனக்கும் செஞ்சிருப்பானுங்க."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருந்தன. எதையும் வாய்வரை கொண்டுவரத் தெம்பு இல்லை. வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தது. ஓரம் ஒதுங்கி அதை விட்டாள். தூசி அடங்கியதும் மறுபடி கியர் போட்டாள்.

"ஆட்டுத் தொடை எத்தனை மணிக்கு வைக்கணும்?" என்றான்.

"நாலு மணிக்கு. உருளைக்கிழங்கு அஞ்சுக்கு. இப்ப கேக்காத டெஸ். ஜூலை வரட்டும்."

மலையடிக் கிராமத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அங்கேதான் ஃபோனுக்கு உயிர் வரும். லோர்னா தன் ஃபோனைத் திறந்து அவன் மடியில் போட்டாள். "அந்த விடுதிக்காரங்க கேட்டிருக்காங்க பாரு. எத்தனை பேருன்னு. திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். நான் பெட்ரோல் போடறேன், நீ எழுதி அனுப்பு."

"நான் என்னன்னு எழுத?"

"எத்தனை பேரோ அதை எழுது."

அவள் இறங்கி மூடியைத் திருகித் திறந்து குழாயை மாட்டினாள். எண்கள் ஓடின. கண்ணாடி வழியாக அவன் தலை குனிந்திருப்பது தெரிந்தது. ஒற்றை விரலால் எழுதுகிறவன். கனமான விரல், ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். இன்னும் எழுதவில்லை, யோசிக்கிறான் என்று நினைத்தாள். ஜன்னல், வெந்நீர்த் தொட்டி, யாருக்கும் தெரியாத ஊர். வண்டியின் பெட்ரோல் டாங்க் நிரம்பிக் குழாய் டக்கென்று நின்றது. அவள் உடனே அதை எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. அப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் குழாயை எடுத்துப் பம்பில் மாட்டினாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"அனுப்பிட்டேன்," என்றான் டெஸ். "ஒருத்தர்னு போட்டிருக்கேன். சரிதானே?"

"சரிதான்," என்றாள் லோர்னா.

பின்னால் இருந்தவன் மறுபடி ஹாரன் அடித்தான். அவள் வண்டியை எடுத்தாள்.